ஒரு வயரா, இரண்டு வயரா?



சென்ற இதழில் முருங்கைக்கீரை அடை எழுதினேனே, அதில் அரிசியை எவ்வளவு நேரம் ஊற வைப்பது என்று சொல்லாமல் விட்டு விட்டேனாம். பலர் செல்லமாகக் கோபித்து எழுதியிருக்கிறீர்கள். மூன்று மணி நேரம் ஊறினால் போதும். தப்பு என்னுடையதுதான்!

அந்தக் கடிதங்களுக்கு நடுவே ஒரு இன்லண்டு லெட்டர் வந்திருந்தது. திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியது. "அக்கா, எங்க மாமாவுக்கு நாடி நிமிஷத்துக்கு 38-தான் ஓடுதாம். பேஸ்மேக்கர் வைக்கணும்னு சொல்லிட்டாங்க. ஒரு வயர் போதுமா, இரண்டு வயர் வேணுமா, எந்த இடத்திலே வைக்கிறதுன்னு என்னென்னவோ கேக்கிறாங்க. இவர் வெளியூர்லே வேலை. நான் என்னத்தைக் கண்டேன்?"

படித்ததும் எனக்கு அடிவயிறு ஒரு மாதிரி ஆகி விட்டது. ஏனெனில் 2018-ல் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன். "நான் என்னத்தைக் கண்டேன் சார், நீங்க பார்த்துச் செய்யுங்க" என்று சொல்லி, காட்டின இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். அதனால் இந்த இதழில் சமையல் குறிப்பு இல்லை. நான் டாக்டர் அல்ல, எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பை நிறுத்தியவள். எங்கள் வீட்டில் நடந்ததையும், அதன் பிறகு டாக்டர்களிடம் கேட்டுக் கேட்டு நான் தெரிந்து கொண்டதையும் எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கு எது சரி என்று உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

2018 ஆடிப்பூரத்துக்கு ஒரு வாரம் இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூர் தேருக்கு மம்சாபுரத்திலிருந்து நாங்கள் எல்லாரும் போவது வழக்கம். அத்தைக்கு, அதாவது என் மாமியாருக்கு, அப்போது 66 வயசு. தோசைக்கு அரைத்த மாவை வழித்துக் கொண்டிருந்தவர்கள் அப்படியே கிரைண்டர் பக்கத்தில் சாய்ந்து விட்டார்கள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் எழுந்து உட்கார்ந்து, "ஒண்ணுமில்ல தாயி, கிறுகிறுன்னு வந்துச்சு" என்றார்கள். மறுநாளும் அதே மாதிரி. மூன்றாம் நாள் ராஜபாளையத்தில் ஈ.சி.ஜி. எடுத்தபோது நாடி 36. மேலறைக்கும் கீழறைக்கும் நடுவே மின்சாரம் போகிற பாதை முழுதாக அடைபட்டு விட்டது, பேஸ்மேக்கர் வைக்காவிட்டால் ஆபத்து என்றார்கள். வைத்தோம். பெரிய ஊர் மருத்துவமனை ஒன்றில்தான். மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்து விட்டார்கள். மயக்கம் நின்று விட்டது. நாங்களும் ஆண்டாளுக்கு நன்றி சொல்லி விட்டு அதை மறந்து போனோம்.

இனி நம் இதயம் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்க்கலாம். பயப்படாதீர்கள், அடுக்களைக் கணக்குதான்!

இதயத்தில் மேலே இரண்டு அறை, கீழே இரண்டு அறை. வலது மேலறையின் உச்சியில் கடுகு போல ஒரு சின்ன இடத்திலிருந்து மின்சாரத் துடிப்பு கிளம்புகிறது. முதலில் மேலறைகள் சுருங்கி, உள்ளே இருக்கிற ரத்தத்தைக் கீழறைகளுக்குள் தள்ளும். அதற்கு அவகாசம் கொடுக்கத்தான் மின்சாரம் நடுவில் ஒரு இடத்தில் நின்று போகிறது. எவ்வளவு நேரம் தெரியுமா? ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விநாடி! பிறகு 'ஹிஸ் கற்றை' என்கிற ஒரே நரம்பு மாதிரியான கம்பி வழியாக இறங்கி, வலம் இடம் என இரண்டு கிளையாகப் பிரிந்து, கீழறைகளின் சதை முழுக்கப் பரவுகிறது. இந்தக் கற்றையை 1893-ல் வில்ஹெல்ம் ஹிஸ் என்பவர் கண்டுபிடித்தார். நடுவில் மின்சாரம் நிற்கிற இடத்தை 1906-ல் ஜப்பானியரான சுனாவோ தவாராவும், உச்சியில் மின்சாரம் பிறக்கிற இடத்தை 1907-ல் கீத், பிளாக் என்ற இருவரும் கண்டார்கள். இந்தக் கம்பி வழியாக மின்சாரம் விநாடிக்கு 2 முதல் 4 மீட்டர் வேகத்தில் ஓடும். அதனால் இரண்டு கீழறைகளும், அவற்றின் எல்லாச் சுவர்களும், பத்தில் ஒரு பங்கு விநாடிக்குள் சேர்ந்து பிழிகின்றன.

ஆமாம், பிழிகின்றன. இதயம் வெறுமனே அமுங்குவதில்லை, ஈரப் போர்வையைப் பிழிவது போல முறுக்கிக் கொண்டுதான் ரத்தத்தைத் தள்ளுகிறது. போர்வையை இரண்டு பேர் இரண்டு முனையில் பிடித்து ஒரே நேரத்தில் முறுக்கினால்தான் தண்ணீர் இறங்கும். ஒருத்தி முறுக்கி விட்டுக் கையைத் தளர்த்தும்போது மற்றவள் முறுக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? இரண்டு பேருக்கும் தோள் வலிதான் மிச்சம், போர்வை சொட்டச் சொட்டவே இருக்கும்.

பேஸ்மேக்கரின் வயரை எந்த இடத்தில் வைக்கிறோம் என்பது முக்கியமாவது இதனால்தான். பல வருஷமாக அதை வலது கீழறையின் அடி முனையில் வைப்பதே வழக்கமாக இருந்து வந்தது. அங்கே சதை நார்கள் வலை மாதிரி இருப்பதால் வயரின் முனை சிக்கிக் கொண்டு நகராது. கை பழகிய டாக்டருக்குச் சுலபம். ஆனால் அந்த இடம் நமது இயற்கைக் கம்பியில் இல்லை. அங்கே தட்டின மின்சாரம் சதைக்குச் சதை தாவித்தான் இடது பக்கம் போக வேண்டும். சதை வழியாக வேகம் விநாடிக்கு அரை மீட்டர் சுமார்தான். ஆக, நடுச்சுவர் முதலில் சுருங்கி விடும். இடது அறையின் வெளிச்சுவரோ அப்போதுதான் தூங்கி எழுந்தது போல இருக்கும். அது சுருங்கும் நேரத்தில் நடுச்சுவர் தளர்ந்து விடும். போர்வை கதைதான்! அதோடு, சுருங்கும் வேலை இழுத்துக் கொண்டே போவதால் தளரும் வேலையும் தாமதம். தளர்ந்தால்தானே ரத்தம் நிரம்பும்? நிமிஷத்துக்கு 70 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்குக் கிடைப்பது 0.86 விநாடி. அதில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பிழியவும், மீதி நிரம்பவும். பிழிகிற நேரம் நீண்டால் நிரம்புகிற நேரத்தில்தான் கைவைக்கும்.

எங்கள் அத்தைக்கு இது ஒரு குறை. இன்னொரு குறையும் இருந்தது. அவர்களுக்கு வைத்தது ஒரே வயர், கீழறையில் மட்டும். மேலறையில் வயர் இல்லாததால், மேலறை எப்போது சுருங்குகிறது என்று அந்தப் பெட்டிக்குத் தெரியாது. மேலறை பாட்டுக்கு ஒரு தாளம், கீழறை பாட்டுக்கு ஒரு தாளம். சில சமயம் இரண்டும் ஒரே நேரத்தில் சுருங்கும். அப்போது நடுவே உள்ள வால்வு மூடியிருக்குமே, மேலறை ரத்தம் எங்கே போகும்? கழுத்து நரம்புக்குத்தான் எதிர்த்து ஏறும். கீழறை நிரம்புவதில் ஐந்தில் ஒரு பங்கு, சிலருக்கு அதற்கு மேலும், மேலறை கடைசியில் தள்ளிக் கொடுக்கிறது. வயதானவர்களின் இதயம் கொஞ்சம் விறைத்துப் போய் இருக்கும் என்பதால் இந்தக் கடைசித் தள்ளல் அவர்களுக்குத்தான் அதிகம் வேண்டும்.

இதெல்லாம் எனக்கு 2022-ல்தான் தெரிந்தது. அதற்கு முன் நடந்ததை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

பேஸ்மேக்கர் வைத்த இரண்டு மூன்று மாதத்திலேயே அத்தை, "கழுத்துலே என்னவோ குதிக்குது தாயி" என்பார்கள். நான் தொட்டுப் பார்த்து, "அது பெட்டி ஓடுறது அத்தை" என்று எனக்குத் தெரிந்த மாதிரி சமாதானம் சொல்வேன். பரிசோதனைக்குப் போனபோது ஒரு டாக்டரிடம் இதைச் சொன்னேன். "பேட்டரி நல்லா இருக்கும்மா. வயசாச்சில்லையா, அப்படித்தான் இருக்கும்" என்று முடித்து விட்டார். எக்கோ எடுக்கவில்லை. நானும் கேட்கவில்லை. அடுத்த வருஷங்களில் கொரோனா வந்தது, பரிசோதனைக்குப் போவதே நின்று போயிற்று.

அத்தை மெல்ல மெல்ல வெளியே போவதைக் குறைத்துக் கொண்டார்கள். சொந்தக்காரர் கல்யாணம் என்றால், "நீங்க போயிட்டு வாங்க, நான் வீட்டைப் பாத்துக்கிடுதேன்" என்பார்கள். முன்பெல்லாம் செண்பகத்தோப்புப் பக்கம் எங்கள் மாந்தோப்புக்கு நடந்தே போய் வருகிறவர்கள், வாசல் திண்ணையோடு நின்று விட்டார்கள். மாவு ஆட்டச் சொன்னால் நாளைக்கு என்பார்கள். என் மனசில் என்ன ஓடியது தெரியுமா? 'பெட்டி வைத்தது சாக்காகப் போயிற்று, இனிமேல் வேலை எல்லாம் என் தலையில்தான்' என்று! ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காவிடம் அப்படியே சொல்லியும் விட்டேன். அத்தை காதில் விழுந்ததா இல்லையா என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்கத் தைரியம் வரவில்லை.

2022 தை மாதம். "மெட்டி இறுக்குது, கொஞ்சம் எண்ணெய் எடுத்துட்டு வா" என்றார்கள். தேங்காய் எண்ணெய் தடவி இழுத்தேன், வரவில்லை. விரல் வீங்கி, மெட்டி சதைக்குள் பதிந்திருந்தது. மாமா இருக்கும்போது மெட்டியைக் கழற்றுவதா என்று அத்தைக்கு மனசே இல்லை. நூல் சுற்றி அரைமணி நேரம் போராடிக் கழற்றினோம். அப்போதுதான் காலைச் சரியாகப் பார்த்தேன். கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. அன்று ராத்திரி பார்த்தால், தலைக்கு மூன்று தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குகிறார்கள். "எத்தனை நாளா இப்படி?" என்று கேட்டேன். "தீபாவளியிலேருந்துதான். படுத்தா மூச்சு முட்டுது. உன்னை எதுக்கு எழுப்பணும்னு..."

மறுநாளே மதுரைக்குக் கூட்டிப் போனோம். எங்கள் ஊரிலிருந்து ஏறக்குறைய 80 கிலோமீட்டர். வழியெல்லாம் இவர் பேசவே இல்லை. எக்கோ எடுத்ததில், முதலில் 60 சதவீதம் இருந்த இதயத்தின் தள்ளும் சக்தி 35-க்கு இறங்கியிருந்தது. ஈ.சி.ஜி.யில் கீழறைக்கு மின்சாரம் பரவுகிற நேரம் 0.17 விநாடி. 'மாரடைப்பு வந்திருக்குமோ' என்று ரத்தக் குழாய்ப் படமும் எடுத்தார்கள். குழாய்களில் அடைப்பே இல்லை. அந்த டாக்டர் ஒரு தாளில் படம் போட்டு நிதானமாகச் சொன்னார்: "இவங்க இதயம் 99 சதவீதம் நேரம் பேஸ்மேக்கரை நம்பித்தான் ஓடுதும்மா. நாலு வருஷமா முனையிலிருந்தே தட்டினதாலே தாளம் மாறிப் போய் சதை தளர்ந்திருக்கு. பெட்டி உயிரைக் காப்பாத்திச்சு, அதிலே சந்தேகமே இல்லை. ஆனா வயர் இருக்கிற இடத்தை மாத்திப் பார்க்கலாம்."

இது எல்லாருக்கும் வருவதில்லை, சகோதரிகளே. முனையில் வயர் வைத்தவர்களில் பெரும்பாலோர் வருஷக் கணக்கில் சுகமாகத்தான் இருக்கிறார்கள். எப்போதும் பேஸ்மேக்கரை நம்பியிருப்பவர்களில் பத்தில் ஒருவர் இருவருக்குச் சில வருஷத்தில் இப்படித் தள்ளும் சக்தி குறையலாம் என்கிறார்கள். எனவே வீட்டில் யாருக்காவது பழைய முறையில் வைத்திருந்தால் இதைப் படித்து விட்டுப் பதற வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை எக்கோ எடுத்துப் பார்க்கலாமா என்று கேளுங்கள், போதும்.

உலகத்துக்கே இது மெதுவாகத்தான் உறைத்தது. முதன்முதலில் உடம்புக்குள் பேஸ்மேக்கர் வைத்தது 1958 அக்டோபர் 8-ம் தேதி, ஸ்வீடன் நாட்டின் ஸ்டாக்ஹோமில். ஆர்னே லார்சன் என்ற 43 வயதுக்காரருக்குத் தினமும் இருபது முப்பது தடவை மயக்கம் வருமாம். அவர் மனைவி எல்சே மேரி சும்மா இருக்கவில்லை. ஓக்கே சென்னிங் என்ற அறுவை டாக்டரையும், ரூனே எல்ம்க்விஸ்ட் என்ற இன்ஜினீயரையும் விடாமல் துரத்தி, "எப்படியாவது ஒன்று செய்து கொடுங்கள்" என்று நின்றார். எல்ம்க்விஸ்ட் ஷூ பாலிஷ் டப்பாவை அச்சாக வைத்துப் பெட்டியை வார்த்தார்! முதல் பெட்டி சில மணி நேரம்தான் ஓடியது. ஆனால் லார்சன் அடுத்தடுத்து 26 பேஸ்மேக்கர்களோடு 86 வயது வரை, 2001 வரை இருந்தார். செய்தவர், வைத்தவர் இருவருக்கும் பிறகுதான் போனார். அந்த மனைவியை நினைத்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. அவரும் என்னைப் போலத்தான், டாக்டர் இல்லை.

ரொம்ப நாள் வரை, துடிப்பு நிற்காமல் இருந்தால் சரி என்பதே பேச்சு. 2002-ல் அமெரிக்காவில் 'டேவிட்' என்ற ஆய்வில் 506 பேரைப் பார்த்தார்கள். அதில், அவ்வளவாகத் தேவைப்படாதவர்களுக்கு வலது கீழறையை அடிக்கடி தட்டிக் கொண்டே இருந்தால் நன்மையை விடத் தீமை என்று தெரிந்தது. எனவே உச்சியில் மட்டும் கோளாறு, நடுப்பாதை நன்றாக இருக்கிறது என்றால், பெட்டியை முடிந்த மட்டும் சும்மா இருக்க வைப்பதே நல்லது. கீழறையின் இரு பக்கமும் வயர் வைத்துச் சேர்ந்தாற்போலத் தட்டுகிற முறை 1990களில் வந்தது. அதற்கும் மேலே ஒரு யோசனை: இயற்கைக் கம்பியிலேயே கொண்டு போய் வயரைச் சேர்த்தால் என்ன? 2000-ல் அமெரிக்காவில் பிரமோத் தேஷ்முக் என்ற நம் நாட்டுப் பெயர்க்காரரும் அவரது குழுவினரும் ஹிஸ் கற்றையில் வைத்துக் காட்டினார்கள். அந்த இடம் ரொம்பச் சின்னது, பிடிப்பது கஷ்டம். 2017-ல் சீனாவின் வென்ஜோவிலிருந்து ஹுவாங் வெய்ஜியான் குழுவினர், இன்னும் கொஞ்சம் கீழே நடுச்சுவரில் திருகி உள்ளே கொண்டு போய் இடது கிளையைத் தொடலாம் என்று எழுதினார்கள்.

இதில் நமக்குப் பெருமையான விஷயம் ஒன்று உண்டு. இந்த முறையைப் பற்றி உலகம் முழுவதும் டாக்டர்கள் படிக்கிற கட்டுரைகளில் பல, நம் மதுரையிலிருந்து போனவை! வேலம்மாள் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் டாக்டர் சண்முகசுந்தரம் பொன்னுசாமியும், அமெரிக்காவில் பென்சில்வேனியாவின் கைசிங்கர் மருத்துவமனையில் இருக்கிற டாக்டர் புகழேந்தி விஜயராமனும் சேர்ந்து எழுதியவை நிறைய. விஜயராமன் தலைமையில் பல நாடுகளின் 1,778 நோயாளிகளை ஒப்பிட்டு 2023-ல் ஒரு ஆய்வு வெளிவந்தது. இரு பக்கமும் வயர் வைத்தவர்களை விட, இடது கிளைப் பகுதியில் வைத்தவர்களுக்கு இறப்போ, இதயம் தளர்ந்து மருத்துவமனையில் சேர்வதோ, இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால், குறைவாக இருந்தது. அதே 2023-ல் வந்த சர்வதேச வழிகாட்டிக் குறிப்பு, துடிப்பில் 20 முதல் 40 சதவீதத்துக்கு மேல் பேஸ்மேக்கரை நம்ப வேண்டியிருக்கும் என்று தோன்றுகிறவர்களுக்கு இயற்கைப் பாதையை ஒட்டிய முறைகளை யோசிக்கச் சொல்கிறது. புதுசு என்பதால் எல்லாம் சரி என்று நினைத்து விட வேண்டாம். சுவரைத் துளைத்து அந்தப் பக்கம் போய் விடாமல் வைக்கக் கை பழக வேண்டும். பெரிய ஆய்வுகள் இன்னும் நடந்து கொண்டிருக்கின்றன.

அத்தைக்கு 2022 மாசியில் மாற்றினார்கள். மேலறையில் ஒரு வயர், நடுச்சுவரில் இடது கிளையைத் தொட்டு ஒரு வயர். பழைய வயரை உருவி எடுப்பது ஆபத்து என்று, முனையை மூடி உள்ளேயே விட்டு விட்டார்கள். பெட்டியும் புதுசு. முடிந்ததும் எடுத்த ஈ.சி.ஜி.யில் அந்த 0.17 விநாடி 0.12 ஆகியிருந்தது.

அதோடு முடியவில்லை. இரண்டு நாள் கழித்து ஒரு சின்ன கம்ப்யூட்டரை நெஞ்சின் மேல் வைத்து, எக்கோவில் பார்த்துக் கொண்டே டாக்டர் எண்களை மாற்றினார். மேலறை சுருங்கி எவ்வளவு நேரம் கழித்துக் கீழறையைத் தட்டுவது என்ற கணக்கு. சீக்கிரம் தட்டினால் மேலறை தள்ளி முடிப்பதற்குள் வால்வு மூடி விடும். ரொம்பத் தாமதித்தால் நிரம்பின ரத்தம் கொஞ்சம் எதிர்த்துக் கசியும், அடுத்த தடவை நிரம்ப நேரமும் குறையும். இதை எனக்கு அவர் விளக்கிக் கொண்டிருக்கும்போது, படுத்திருந்த அத்தை இடையில் புகுந்தார்கள். "கமலை இறைக்கிறாப்பிலேதான தம்பி? சால் நிறையுறதுக்கு முன்னாலே மாட்டை ஓட்டினா அரைச் சால் தண்ணிதான் மேலே வரும். நிறைஞ்ச பிறகும் நிப்பாட்டி வச்சா பொழுது போயிரும், வயக்காடு காஞ்சு போகும்." டாக்டர் ஒரு நிமிஷம் அப்படியே பார்த்தார். "பாட்டி, இதை நான் இனி எல்லார்கிட்டேயும் சொல்லப் போறேன்" என்றார். (சின்ன வயசில் அத்தை வீட்டில் மாடு ஓட்டியதே அத்தைதானாம். இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருக்கிறேன், எனக்குத் தெரியாது!)

கழுத்தில் குதிப்பு மறுநாளே நின்றது. கால் வீக்கம் வடிய மாத்திரையோடு மூன்று வாரம் ஆயிற்று. ஆறு மாதத்தில் எக்கோ 50 காட்டியது. பழைய 60 வரவில்லை. மெட்டி திரும்ப ஏறி விட்டது.

திருமங்கலம் சகோதரிக்கு இப்போது சொல்கிறேன். கையெழுத்துப் போடுமுன் டாக்டரிடம் உட்கார்ந்து கேளுங்கள். மாமாவுக்குக் கோளாறு உச்சியிலா, நடுப்பாதையிலா? எப்போதும் பெட்டியை நம்பி இருப்பாரா, எப்போதாவதா? மேலறை ஒழுங்காகத் துடிக்கிறதா? மேலறை ஒழுங்காக இருந்தால் இரண்டு வயருக்கு அர்த்தம் உண்டு. சிலருக்கு மேலறை நிரந்தரமாகத் தாறுமாறாக நடுங்கிக் கொண்டே இருக்கும். அவர்களுக்கு அங்கே வயர் வைத்துப் பயனில்லை, ஒன்றே போதும். வைப்பதற்கு முன் தள்ளும் சக்தி எவ்வளவு என்று எக்கோ தாளில் குறித்து வாங்கி வையுங்கள், பிறகு ஒப்பிட அதுதான் ஆதாரம். இடது கிளை முறை அங்கே செய்கிறார்களா, மாமாவுக்குப் பொருந்துமா என்றும் கேளுங்கள். இப்படிக் கேட்டால் டாக்டர் கோபிப்பாரோ என்று நான் பயந்திருந்தேன். மதுரை டாக்டர் நாற்காலியை இழுத்துப் போட்டுத்தான் பதில் சொன்னார். செலவுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் எந்த வகைக்கு எவ்வளவு என்று மருத்துவமனையிலேயே விசாரியுங்கள்.

கைக்குழந்தைக்காரர்களும் இதைத் தங்களுக்கு இல்லை என்று தள்ளி விட வேண்டாம். லூபஸ் போன்ற நோய்களில் தாயின் ரத்தத்தில் இருக்கும் சில எதிர்ப்பொருள்கள், வயிற்றில் இருக்கும் சிசுவின் நடுப்பாதையைக் கெடுத்து விடலாம். ஐந்தாம் ஆறாம் மாத வாக்கில் ஸ்கேனில் குழந்தையின் துடிப்பு ரொம்பக் குறைவாகத் தெரிந்தால் டாக்டர்கள் அதைத்தான் தேடுவார்கள். அப்படிப் பிறந்த குழந்தைக்கு ஆயுசு முழுக்கப் பேஸ்மேக்கர் வேண்டியிருக்கலாம். இடம் இன்னும் முக்கியம். 178 குழந்தைகளைப் பார்த்து 2013-ல் வெளியான ஆய்வில், வலது பக்கத்தை விட இடது கீழறையின் முனையிலோ வெளிச்சுவரிலோ வைத்தவர்களுக்கு இதயம் நன்றாக இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு சில விஷயங்கள். நாலு முதல் ஆறு வாரம் வரை அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேலே தூக்கக் கூடாது. பரண் ஏறி எதையும் எடுக்கக் கூடாது. அதற்காகக் கையை அசைக்காமலே கட்டி வைத்தால் தோள் பிடித்துக் கொள்ளும். முன்பக்கம் கொக்கி வைத்த ரவிக்கை வசதி. மிக்சி, கிரைண்டர், டி.வி. எல்லாம் பயமில்லை. இன்டக்‌ஷன் அடுப்பிலிருந்து மட்டும் இரண்டடி தள்ளி நிற்க வேண்டும். மொபைல் போனை மறு பக்கக் காதில் வைத்துப் பேசலாம், ரவிக்கைக்குள் செருகக் கூடாது. வெல்டிங் பட்டறைப் பக்கம் போக வேண்டாம். பெட்டியின் அட்டையைப் பர்சில் வைத்துக் கொள்ளுங்கள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன் என்று யாராவது சொன்னால் முதலில் அதைக் காட்ட வேண்டும். வைத்த இடம் சிவந்தாலோ, வீங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, மயக்கம் திரும்ப வந்தாலோ அன்றைக்கே ஓடுங்கள்.

ஒன்றை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். தகனம் செய்வதற்கு முன் பேஸ்மேக்கரை எடுத்து விட வேண்டும், நெருப்பில் அது வெடிக்கும். துக்க வீட்டில் யாருக்கும் இது ஞாபகம் வராது. இதை எங்கள் வீட்டில் எடுத்துச் சொன்னதே அத்தைதான். "அட்டையிலே எழுதிருக்கில்ல, மறந்துராதே" என்று இட்லி ஊற்றிக் கொண்டே சொன்னார்கள்.

இந்த ஆவணியில் அத்தைக்கு அடுத்த எக்கோ. காலண்டரில் சிவப்பு மையால் வட்டம் போட்டிருக்கிறேன். முனைப் பக்கத்தில், 'கழுத்து, கால், தலையணை' என்று மூன்று கேள்வியும் எழுதி வைத்திருக்கிறேன். திருமங்கலம் சகோதரி, மாமாவுக்கு என்ன முடிவாயிற்று என்று ஒரு கார்டு போடுங்கள். அடுத்த இதழில் அத்தை கைப்பக்குவத்தில் மாங்காய் வத்தல் குழம்பு.